இயந்திரத்துக்கு 20 நிமிடம், காயத்துக்கு 20 நிமிடம்

(மையவாடித் துப்புரவுப் பணிக்குப் பெயர் கொடுத்த இளைஞர்களும் அவர்களது குடும்பத்தாரும் கலந்துகொண்ட கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





பராஅத் இரவுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. மழைக்காலம் முடிந்து மையவாடியில் புல் இடுப்பளவு வளர்ந்து நிற்கிறது. வழக்கம்போல் வரும் ஞாயிறு சுபுஹுத் தொழுகைக்குப் பிறகு பணி தொடங்குகிறது. இதுவரை 24 பேர் பெயர் கொடுத்திருக்கிறீர்கள், அல்ஹம்துலில்லாஹ். முன்பு அரிவாளும் மண்வெட்டியுமாக நான்கு நாள் நடந்த வேலையை இப்போது அறக்கட்டளையின் இரண்டு புல்வெட்டும் இயந்திரங்கள் ஒரே நாளில் முடித்துவிடுகின்றன. ஒன்று தோளில் மாட்டி வெட்டுவது. இன்னொன்று ஈத்கா மைதானத்துக்காக வாங்கிய, தள்ளிக்கொண்டு போகிற லான் மோவர். இரண்டுமே பெட்ரோலில் ஓடுபவை.

இயந்திரம் என்றதும் எல்லோரும் கத்தியைப் பற்றித்தான் எச்சரிப்பார்கள். கத்திக்கு நாம் பயப்படுகிறோம். அதனால் கிட்டப் போகாமல் எட்டவே நிற்கிறோம். இன்று நான் பேச வந்தது நாம் யாரும் பயப்படாத ஒன்றைப் பற்றி. அந்த இயந்திரத்தின் சூட்டைப் பற்றி, அதில் ஊற்றும் பெட்ரோலைப் பற்றி.

சென்ற ஆண்டு நம் மஹல்லாவில் இந்த இயந்திரங்களால் காயம்பட்டவர்கள் இரண்டு பேர். இருவர் மேலும் கத்தி படவில்லை. இருவருக்கும் தீக்காயம். காயம் பட்ட நேரத்தில் இரண்டு இயந்திரங்களுமே ஓடிக்கொண்டிருக்கவில்லை. இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள்.

முதலாவது, ஒரு தையல்காரத் தம்பி. பெட்ரோல் தீர்ந்து இயந்திரம் நின்றது. லுஹருக்கு முன் ஒரு வரிசையை முடித்துவிடலாம் என்று, நின்ற இடத்திலேயே மூடியைத் திறந்து பெட்ரோல் ஊற்றினார். சிந்திய பெட்ரோல் குப்பென்று பற்றிக்கொண்டது. வலது கையில் விரல்களும் மணிக்கட்டும் வெந்துபோயின. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் ரமலான் முழுவதும் அவர் கடை பூட்டிக் கிடந்தது. பெருநாள் தையல்தான் ஒரு தையல்காரருக்கு வருடத்தின் பெரிய சம்பாத்தியம் என்பது உங்களுக்குத் தெரியும். மருந்துச் செலவை அறக்கட்டளை ஏற்றுக்கொண்டது. அந்த ஒரு மாத வருமானத்தையும், ஊசியில் நூல் கோக்கும் விரலின் பழைய பதத்தையும் யாராலும் திருப்பித் தர முடியவில்லை.

இரண்டாவது, மூன்று வயதுப் பிள்ளை. ஈத்காவில் வேலை முடித்த அத்தா, இயந்திரத்தை மறுநாள் ஒப்படைக்கலாம் என்று வீட்டுக்குக் கொண்டுவந்து திண்ணையோரம் நிறுத்தினார். கை கால் கழுவ உள்ளே போன நேரத்தில், புதுச் சாமானைப் பார்த்த பிள்ளை ஓடிவந்து சைலன்சரில் உள்ளங்கையை வைத்துவிட்டது. பெரியவர்கள் சுட்டதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வோம். சின்னப் பிள்ளைக்கு அந்த வேகம் இல்லை. தோலும் மெல்லியது. உள்ளங்கைப் புண் ஆறும்போது தோல் சுருங்கி விரல்களை உள்ளே இழுத்துவிடும் என்பதால், அந்தப் பிள்ளையை இன்றும் மருத்துவமனைக்கு அழைத்துப் போய் விரல் நீட்டும் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்குப் பிறகு, இயந்திரங்களை விற்றுவிடலாம், பழையபடி அரிவாளுக்கே போகலாம் என்று நிர்வாகக் குழுவில் பேச்சு வந்தது. இடுப்பளவு புல்லுக்குள் குனிந்து கைவிட்டு அறுப்பதில் பாம்புக்கடி ஆபத்து இருக்கிறது. வேலைக்கு ஆளும் கிடைப்பதில்லை. அதனால், சில நிபந்தனைகளோடு இயந்திரங்களை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். அந்த நிபந்தனைகளைக் காரணத்தோடு விளங்கவைக்கத்தான் இந்தக் கூட்டம். காரணம் விளங்காத கட்டளையை யாரும் அவசரத்தில் மதிப்பதில்லை.

புல்வெட்டும் இயந்திரம் 1830இல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர் உருவாக்கியது. அதைக் கையால் தள்ளினார்கள். அதில் வெட்டுக்காயம் மட்டும்தான் வர முடியும். 1902இல் அதே நாட்டில் பெட்ரோல் எஞ்சின் வைத்த இயந்திரம் விற்பனைக்கு வந்தது. அன்றோடு தீக்காயமும் சேர்ந்துகொண்டது. வீட்டுக்கு வீடு புல்தரை வைத்திருக்கும் அமெரிக்காவில், தள்ளும் இயந்திரத்தின் கைப்பிடியை விட்டால் 3 விநாடிக்குள் கத்தி நின்றுவிட வேண்டும் என்று 1982 முதல் விதி இருக்கிறது. அதனால் எத்தனையோ கை கால்கள் தப்பின. ஆனால் கத்தியை 3 விநாடியில் நிறுத்தலாம், சூட்டை நிறுத்த முடியாது. அங்கே நடந்த ஆய்விலும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் பெரிய பிள்ளைகளைவிட அதிகமாக, சூடான பாகத்தைத் தொட்டுக் காயம்படுகிறார்கள் என்று தெரியவந்திருக்கிறது. நம் திண்ணையில் நடந்தது அங்கேயும் நடக்கிறது.

எவ்வளவு சூடு என்று கேட்பீர்கள். வடை பொரியும் எண்ணெய் சுமார் 180 டிகிரி. ஓடி நின்ற எஞ்சினின் சைலன்சர் 200 டிகிரிக்கு மேல் இருக்கும். 60 டிகிரி வெந்நீர் ஐந்து விநாடி பட்டாலே தோல் ஆழமாக வெந்துவிடும் என்கிறார்கள் மருத்துவர்கள். பைக்கில் ஏறி இறங்கும்போது கெண்டைக்காலில் சைலன்சர் சூடு பட்ட தழும்பு இந்த மண்டபத்திலேயே பலருக்கு இருக்கும். அதே நெருப்புத்தான் இது. பைக்கில் அது காலுக்குக் கீழே இருக்கிறது. தோளில் மாட்டும் இயந்திரத்தில் அது நம் இடுப்புக்கும் முழங்கைக்கும் பக்கத்திலேயே இருக்கிறது. அதன் மேல் ஒரு மூடி இருக்கும். அது உடைந்திருந்தால் இயந்திரத்தை எடுக்காதீர்கள். மூடி மாற்றிய பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது பெட்ரோல். பெட்ரோல் எரிகிறது என்கிறோம். உண்மையில் எரிவது அதிலிருந்து எழும் ஆவி. பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரில்கூடப் பற்றிக்கொள்ளும் அளவுக்கு அந்த ஆவி கிளம்பும். நம் ஊர் வெயிலில் எவ்வளவு கிளம்பும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இந்த ஆவி காற்றைவிட மூன்று மடங்குக்கும் மேல் கனமானது. புகைபோல மேலே போகாது. தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். மையவாடியில் பள்ளத்துக்குக் குறைவில்லை. அமிழ்ந்துபோன பழைய கப்ருகள் இருக்கின்றன, ஆயத்தமாகத் தோண்டி வைத்த குழிகளும் இருக்கின்றன. ஜியாரத்துக்கு வருபவர்கள் கொளுத்தி வைக்கும் ஊதுபத்தியும் அங்கேதான் புகைந்துகொண்டிருக்கும். பெட்ரோல் ஊற்றுகிற இடத்துக்கும் நெருப்புக்கும் நடுவே நிறைய தூரம் இருப்பதுபோல் கண்ணுக்குத் தெரியும். ஆவி அந்தத் தூரத்தைத் தரையோடு கடந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. சூடான இயந்திரத்தின் டேங்கில் பெட்ரோல் ஆவி நெருக்கிக்கொண்டு நிற்கும். மூடியைச் சட்டென்று திறந்தால் சோடா பாட்டில்போல் பெட்ரோல் பீறிட்டு மேலே தெறிக்கும். பக்கத்திலேயே 200 டிகிரி சைலன்சர். எண்ணெய் கலந்த பெட்ரோல்தானே, அவ்வளவு வேகமாகப் பற்றாது என்று சிலர் நினைக்கிறார்கள். கலந்த எண்ணெயால் அந்த ஆபத்து ஒரு சிட்டிகையும் குறையாது.

இனி நிபந்தனைகளைச் சொல்கிறேன்.

ஒன்று. இயந்திரம் நின்ற பிறகு 20 நிமிடம் யாரும் அதில் பெட்ரோல் ஊற்றக்கூடாது, கழற்றக்கூடாது, சிக்கிய புல்லை எடுக்கக்கூடாது. 20 நிமிடம் கழித்தும் தொட்டுப் பார்க்காதீர்கள். புறங்கையை ஒரு சாண் தள்ளிக் காட்டுங்கள். வெக்கை தெரிந்தால் இன்னும் ஆறட்டும். அந்த 20 நிமிடம் வீணாகாது. தண்ணீர் குடிக்கவும் நிழலில் உட்காரவும் அதுவே நேரம். இதற்காகவே இரண்டு இயந்திரங்களுக்கும் மாறி மாறி ஓய்வு கொடுக்கும்படி வேலையைப் பிரித்திருக்கிறோம்.

இரண்டு. பெட்ரோல் ஊற்றும் இடம் மையவாடி வாசலுக்கு வெளியே, தார்ச்சாலையோரம் சுண்ணாம்பால் கோடு போட்ட இடம். வேறெங்கும் கூடாது. இயந்திரத்தைத் தரையில் வைத்து, மூடியை மெல்லத் தளர்த்தி, சீறும் சத்தம் அடங்கிய பிறகு திறந்து, புனல் வைத்து ஊற்ற வேண்டும். விளிம்புவரை நிரப்பாதீர்கள். சிந்தினால் துணியால் துடைத்து, அந்தத் துணியை வெயிலில் தனியே போடுங்கள். ஊற்றிய இடத்திலிருந்து பத்தடி தள்ளிப்போன பிறகே இயந்திரத்தை இயக்க வேண்டும். பீடி, சிகரெட், ஊதுபத்தி எதுவும் அந்தப் பக்கம் வரக்கூடாது.

மூன்று. பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில் வாங்கி வராதீர்கள். பிள்ளைகள் தாகத்தில் எடுத்து வாயில் வைத்துவிடுவார்கள். வெயிலில் பிளாஸ்டிக் உப்பி மூடியும் பிதுங்கும். இறுக்கமான மூடியுள்ள உலோகக் கேன் ஒன்றை அறக்கட்டளை வைத்திருக்கிறது. அதை மட்டும் பயன்படுத்துங்கள்.

நான்கு. கைலி கட்டிக்கொண்டு இயந்திரத்தைத் தொடக்கூடாது. முழுக்கால் பேன்ட், முழுக்கைச் சட்டை, மூடிய காலணி. துணி பருத்தியாக இருக்கட்டும். பாலியெஸ்டர், நைலான் துணிகள் தீயில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். தோள்பட்டையை ஒரே இழுப்பில் கழற்றும் கொக்கி எங்கே இருக்கிறது என்று வேலை தொடங்குமுன் பார்த்து, இரண்டு முறை கழற்றிப் பழகுங்கள். இயந்திரத்தில் தீப்பிடித்தால் அதைக் காப்பாற்ற நிற்காதீர்கள். கழற்றிப் போட்டுவிட்டு ஓடுங்கள். இயந்திரத்தை இன்ஷா அல்லாஹ் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.

ஐந்து. வெட்டிய புல்லை மையவாடியில் வைத்துக் கொளுத்தக்கூடாது. மிஞ்சிய பெட்ரோலை அதன் மேல் தெளித்துப் பற்றவைப்பது அறவே கூடாது. தெளித்துவிட்டுத் தீக்குச்சி உரசுவதற்குள் ஆவி நம் காலடிவரை பரவியிருக்கும். முகமும் புருவமும் கருகுவது அப்படித்தான். புல்லை அள்ளிச் செல்ல மாடு வைத்திருப்பவர்களிடம் சொல்லியிருக்கிறோம்.

ஆறு. இயந்திரம் இனி யார் வீட்டுக்கும் போகாது. வேலை முடிந்ததும் அங்கேயே வெட்டவெளியில் ஆறவைத்து, சைலன்சரில் ஒட்டிய காய்ந்த புல்லை நீக்கி, மோதினாரிடம் ஒப்படைக்க வேண்டும். சூட்டோடு சந்தூக் அறைக்குள் வைக்கக்கூடாது. அங்கே துணியும் பலகையும் இருக்கின்றன.

தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வேலை முடிந்து வரும் பிள்ளையின் சட்டையில் பெட்ரோல் வாடை அடித்தால், அவரை அடுப்படிக்குள் விடாதீர்கள். பசிக்கிறது என்று நேராக அடுப்புப் பக்கம்தான் வருவார்கள். முதலில் வெளியிலேயே சட்டையைக் கழற்றச் சொல்லுங்கள், மேல் கழுவச் சொல்லுங்கள். அந்தத் துணியைத் துவைக்கும்வரை வெளியே கொடியில் கிடக்கட்டும். பெட்ரோலில் நனைந்த துணி உடம்போடு வெகுநேரம் ஒட்டியிருந்தால், நெருப்பே இல்லாமல் தோல் வெந்துபோகும். வேலை நடக்கும் நாளில் சிறு பிள்ளைகளை மையவாடிக்கும் ஈத்காவுக்கும் அனுப்பாதீர்கள். 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் தள்ளும் இயந்திரத்தைக்கூட இயக்கக்கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்கிறது. நம் இயந்திரத்தை 18 வயதுக்குக் கீழ் யாரிடமும் கொடுப்பதில்லை.

தோப்பு, வீட்டுமனை வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் கூலிக்கு அழைக்கும் தொழிலாளி தன் இயந்திரத்தோடு வருகிறார். மணிக்கணக்குப் பார்த்து அவரை விரட்டாதீர்கள். ஆறவைக்கும் நேரத்தை வேலைநேரமாகவே எண்ணிக் கூலி கொடுங்கள். நம் ஊர்ப் பிள்ளைகளும் சிங்கப்பூரில் இதே இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வெயிலில் நிற்கிறார்கள். அங்கே அவர்களை ஒருவர் நிழலில் உட்காரவைக்க வேண்டும் என்று நாம் ஆசைப்படுவதில்லையா?

எவ்வளவு கவனமாக இருந்தாலும் காயம் பட்டுவிட்டால் என்ன செய்வது? இங்கேதான் இரண்டாவது 20 நிமிடம் வருகிறது.

உடலில் தீப்பற்றினால் ஓடக்கூடாது. ஓடினால் காற்றில் தீ வளரும். முகத்தைக் கையால் மூடிக்கொண்டு தரையில் படுத்து உருள வேண்டும். பக்கத்தில் இருப்பவர் தண்ணீர் ஊற்றலாம், கனமான பருத்திப் போர்வையால் மூடி அணைக்கலாம். தரையில் எரியும் பெட்ரோல் மேல் மட்டும் தண்ணீர் ஊற்றாதீர்கள். தீயோடு மிதந்து பரவும். அதற்கு மணல் வாளியும் தீயணைப்புக் கருவியும் வாசலில் வைத்திருப்போம்.

தீ அணைந்ததும், சூடு பட்ட இடத்தை ஒளு செய்யும் குழாயடியில், ஓடும் தண்ணீரில் முழுதாக 20 நிமிடம் காட்டுங்கள். வலி குறைந்துவிட்டது என்று ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடக்கூடாது. தோலின் மேற்புறம் ஆறினாலும் உள்ளே சூடு வேலை செய்துகொண்டே இருக்கும். காயம் பட்டு மூன்று மணி நேரம்வரை இந்தத் தண்ணீர் பலன் தரும். குழந்தையாக இருந்தால் காயத்தில் தண்ணீர் ஓடட்டும், மற்ற உடம்பைத் துணியால் போர்த்தி வெதுவெதுப்பாக வைத்துக்கொள்ளுங்கள். பனிக்கட்டி வைக்கக்கூடாது. மோதிரம், வளையல், கைக்கடிகாரம், பிள்ளைகள் கையில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் வீக்கம் வருமுன் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள்.

பற்பசை, பேனா மை, மஞ்சள், காப்பித்தூள், முட்டையின் வெள்ளை, தேங்காயெண்ணெய் எதுவும் வேண்டாம். நன்னிமார்கள் பாசத்தோடு தடவுகிறார்கள். அந்தப் பூச்சு சூட்டை உள்ளேயே அடைத்து, புண்ணில் கிருமியும் சேர்க்கிறது. மருத்துவமனையில் அதைச் சுரண்டி எடுக்கும்போது பிள்ளை படும் வேதனை சூடு பட்ட வேதனையைவிடப் பெரியது. கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான பருத்தித் துணியால் தளர்வாக மூடினால் போதும்.

முகம், கை, பாதம், மூட்டு, மறைவிடம் ஆகியவற்றில் பட்ட காயமும், காயம்பட்டவரின் உள்ளங்கை அளவுக்கு மேல் பெரிய காயமும், குழந்தைக்கு ஏற்பட்ட எந்தக் காயமும் மருத்துவரிடம் போகவேண்டியவை. காயம் வெள்ளையாகவோ கருகியோ இருந்து வலியே தெரியவில்லை என்றால், லேசான காயம் என்று எண்ணிவிடாதீர்கள். நரம்பே வெந்துபோனதால்தான் வலி தெரியவில்லை. 108ஐ அழையுங்கள். தடுப்பூசி ஊசி டெட்டனஸுக்குப் போட்டிருக்கிறதா என்று மருத்துவர் கேட்பார், சொல்லத் தெரிந்து வைத்திருங்கள்.

சகோதரர்களே! அடங்கியிருக்கும் நம் பெற்றோருக்கும் முன்னோருக்கும் செய்கிற பணி இது. இதில் யாரும் வேகத்தைக் காட்ட வேண்டியதில்லை. ஒரு நாளில் முடியாவிட்டால் இரண்டு நாள் ஆகட்டும். வெளியே போகும்முன் வாசலில் இருக்கும் பதிவேட்டில் கையெழுத்திட்டு, ஆறு நிபந்தனைகள் அச்சிட்ட தாளை வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்திட்டவர்களுக்குத்தான் ஞாயிறன்று இயந்திரம் தரப்படும். சென்ற ஆண்டு காயம்பட்ட தையல்காரத் தம்பியும் இந்த ஆண்டு பெயர் கொடுத்திருக்கிறார். பெட்ரோல் ஊற்றும் இடத்தில் கடிகாரத்தோடு நிற்கும் பொறுப்பைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். 20 நிமிடம் ஆகாமல் அவர் கேனைத் தரமாட்டார். அவரோடு யாரும் வாதாட வேண்டாம்.

எல்லோரையும் எல்லா ஆபத்திலிருந்தும் அல்லாஹ் பாதுகாப்பானாக. வஸ்ஸலாம்.